செட்டிநாட்டு ஊர்க் கிரிக்கெட் கிளப்புகள்: நலிவும் ஆதரவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் கிரிக்கெட் கிளப் நடத்துவோரும், முன்பு அவற்றில் ஆடிவிட்டு இப்போது வெளியூரில் இருப்போரும், பிள்ளைகளை ஆட அனுப்ப விரும்பும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நடைமுறைக்கு உதவும் விவரங்களோடு, எதற்கு முதலிடம் தர வேண்டும் என்ற எங்கள் கருத்தையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஊர்க் கிரிக்கெட் கிளப் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊருக்கு ஊர் அணி இருக்கிறதே?

அணியும் கிளப்பும் ஒன்றல்ல. போட்டி அறிவிப்பு வந்ததும் பதினொரு பேரைத் திரட்டி, பொதுப் பெயரில் சட்டை அடித்து, ஆடி முடித்ததும் கலைந்துவிடுவது அணி. போட்டி எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை மாலையிலும் நெட் கட்டிவைத்து, பத்து வயதுச் சிறுவன் வந்தாலும் அவனுக்குப் பந்தைப் பிடிக்கும் முறையைச் சொல்லித்தர ஒருவரை நிறுத்திவைப்பது கிளப். உறுப்பினர் சந்தா, பொதுவான கிட் பை, பராமரிக்கப்படும் ஆடுகளம், ஸ்கோர் புத்தகம், ஆண்டுக்கொரு முறையாவது கூடும் கூட்டம் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருந்தால் அதைக் கிளப் என்று சொல்லலாம்.

கேள்வி: எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் பையன்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியிருக்க, கிளப்புகள் நலிகின்றன என்பது எப்படிச் சரியாகும்?

ஆட்டம் குறையவில்லை என்பது உண்மைதான். கோடை விடுமுறையில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை நோக்கிப் போனால் சாலையின் இருபுறமும் ஆடுவோரைக் காணலாம். குறைந்திருப்பது தொடர்ச்சி. பத்தாம் வகுப்பு வரை ஆடிய பையன், மேனிலை வகுப்பில் டியூஷனுக்குப் போய், பின்னர் கல்லூரிக்காக ஊரைவிட்டு வெளியேறும்போது அவனோடு அவன் கற்ற ஆட்டமும் வெளியேறிவிடுகிறது. அடுத்து வருகிறவன் மறுபடியும் முதலிலிருந்து, கைப்பேசியில் பார்த்த காணொளியைக் கொண்டு, தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிளப் செய்துவந்த வேலை, ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது. அது நின்றுபோன ஊர்களில், ஆடுவோர் எத்தனை பேர் இருந்தாலும், மாவட்ட அணிக்கான தேர்வுக்குப் போய் நிற்கக்கூடிய பையன் உருவாவதில்லை.

கேள்வி: நலிவுக்கு முதன்மையான காரணம் எது?

பணமின்மை என்றுதான் பலரும் சொல்வார்கள். எங்கள் பார்வையில் அது இரண்டாவது காரணம். முதல் காரணம் ஆள் இல்லாமை, அதாவது பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லாமை.

நன்றாக நடந்த எந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டாலும் அதன் நடுவில் ஒருவர் இருந்திருப்பார். அவர் உடற்கல்வி ஆசிரியராகவோ, கடைத்தெருவில் சிறு கடை வைத்திருப்பவராகவோ, ஓய்வுபெற்ற அரசு ஊழியராகவோ இருக்கலாம். கிட் பை அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும். ஸ்டம்பு உடைந்தால் தச்சரிடம் கொண்டுபோவதும், இரண்டு நாளாக வராத பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் காரணம் கேட்பதும், அம்பயரோடு சண்டை போட்ட மூத்த ஆட்டக்காரரை அடுத்த வாரம் உட்காரவைப்பதும் அவர்தான். பையன்களுக்கு அவர் 'அண்ணே' அல்லது 'சார்'. பதவி என்று எதுவும் இருக்காது, சம்பளமும் இருக்காது. அவருக்கு வயதாகும்போதோ, பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிபெயரும்போதோ, அந்த இடத்துக்கு வர வேண்டிய இருபத்தைந்து வயதுக்காரர் ஊரில் இருப்பதில்லை.

வெளியூர் போவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன ஊர்கள் இவை. பெரிய வீடுகளெல்லாம் அப்படிப் போய் ஈட்டிய பொருளில் எழுந்தவை. ஆனால் இன்று ஏதோ ஒரு சமூகத்தாரோ ஒரு தொழிலாரோ மட்டும் போகவில்லை. பட்டப்படிப்பு முடித்தவர் பெங்களூருக்கும், ஐ.டி.ஐ. முடித்தவர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும், படிப்பை இடையில் விட்டவர் திருப்பூருக்கும் போய்விடுவதால், பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர் ஏறத்தாழ மொத்தமாகவே ஊரில் இல்லாமல் போகிறார்கள். கிளப்பைத் தாங்குவது அந்த வயதுதான்.

கேள்வி: மைதானங்களுக்கு என்ன ஆயிற்று?

செட்டிநாட்டில் கிரிக்கெட் ஆடப்படும் இடங்கள் பெரும்பாலும் பள்ளி மைதானம், ஊர்ப் பொட்டல், வற்றிய கண்மாய் என்ற மூன்றில் ஒன்றாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய், பங்குனி, சித்திரையில் வற்றிக் காய்ந்ததும் மாதக்கணக்கில் ஆடுவதற்கு ஏற்ற பரந்த தரையாகிவிடுகிறது. ஆனால் கண்மாய் நீர்நிலை. அங்கே நிரந்தரமான சிமெண்ட் ஆடுகளமோ அறையோ கட்டக் கூடாது, கட்ட முயல்வதும் தவறு. ஆகவே கண்மாயில் ஆடும் கிளப் ஒவ்வோர் ஆண்டும் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கி, மாடு மிதித்த குழிகளை நிரவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இருந்த வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பொட்டலின் கதை வேறு. ஊர்ப் பொட்டலாக எல்லோரும் பயன்படுத்திவந்த இடம் ஆவணத்தில் தனியார் பட்டாவாக இருந்து, அடுத்த தலைமுறை வாரிசுகள் விற்கும்போது வீட்டு மனையாகிவிடுகிறது. ஊரார் யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. நிலம் யாருடையது என்று அதுவரை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பள்ளி மைதானங்களோ, புதிய வகுப்பறைக் கட்டடங்களாலும் சுற்றுச்சுவர்களாலும் சுருங்கியிருக்கின்றன. சுற்றுச்சுவர் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தேவையானதே என்றாலும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு வாயிற்கதவைத் திறந்துவைக்க யாருக்கு அனுமதி என்ற கேள்விக்குப் பல ஊர்களில் விடை இல்லை.

கேள்வி: கிரிக்கெட்டில் இவ்வளவு பணம் புரள்கிறதே, அது ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை?

2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்தப் பணம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் மாநிலச் சங்கங்களுக்கும் போய், அங்கிருந்து மாவட்டச் சங்கங்களுக்கு வரும் வழியில், தேர்வு, பயிற்சி முகாம், மாவட்டங்களுக்கிடையிலான போட்டி என்று ஏற்கெனவே தெரியவந்த திறமைக்கே பெரும்பாலும் செலவாகிறது. திறமை தெரியவருவதற்கு முன்னால் நடக்க வேண்டியதை, அதாவது பத்து வயதில் ஒரு பையன் ஒழுங்கான ஆடுகளத்தில் ஆடத் தொடங்குவதை, ஊர்தான் தன் செலவில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்றுக்குக் காரைக்குடி காளை என்று பெயர் வைக்கப்பட்டது. நம் ஊரின் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்ட மகிழ்ச்சி இங்கே எல்லோருக்கும் இருந்தது. ஆனால் ஆட்டங்கள் சென்னையிலும் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தனவே தவிர, காரைக்குடியில் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த அணி திருப்பூர் தமிழன்ஸ் என்று பெயர் மாறிப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. தொலைக்காட்சி ஆட்டத்துக்குத் தேவையான மைதானமும் விளக்கு வசதியும் இங்கே இல்லை. பெயர் வந்தால் வசதியும் பின்னால் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்பதே இதில் நமக்குரிய செய்தி.

சென்னையில் நிலைமை வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே லீக் கிளப்புகள் பலவற்றைப் பெரிய தொழில் நிறுவனங்கள் பல பதிற்றாண்டுகளாகத் தாங்கிவருகின்றன. ஆட்டக்காரருக்கு வேலையும் கிடைக்கிறது, பயிற்சிக்கு நேரமும் கிடைக்கிறது. சேப்பாக்கம் மைதானம் தாங்கியிருக்கும் பெயர், கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தில் பிறந்து, 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்த எம்.ஏ.சிதம்பரத்தின் பெயர். அவர் மகன் ஏ.சி.முத்தையாவும் 1999 முதல் 2001 வரை அதே பொறுப்பை வகித்தார். நாட்டின் கிரிக்கெட் நிர்வாகத்துக்கே தலைமை தந்த மண்ணில், ஊர்க் கிளப்பைத் தாங்கும் ஏற்பாடு இல்லாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: பொங்கலுக்கும் கோடையிலும் பெரிய பரிசுத்தொகையோடு போட்டிகள் நடக்கின்றன. அவை கிளப்புகளை வளர்க்கவில்லையா?

ஊருக்கு உற்சாகம் தருகின்றன, கிளப்பை வளர்ப்பதில்லை. முதல் பரிசுக்கு ஒருவர், இரண்டாம் பரிசுக்கு ஒருவர், கோப்பைக்கு ஒருவர், ஆட்ட நாயகனுக்கு ஒருவர் என்று நன்கொடையாளர் பெயர்கள் ஃபிளெக்ஸ் பலகையை நிறைக்கின்றன. ஆடுகளத்துக்கு மண் அடித்தவர் பெயரோ, ஆடுகளத்தில் விரிக்கும் பாய் வாங்கித் தந்தவர் பெயரோ அதில் இருப்பதில்லை, ஏனென்றால் அப்படித் தருபவர் அரிது. பரிசை வெல்வதற்காக வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்துவந்து இறக்கும் வழக்கமும் பரவியிருப்பதால், உள்ளூர்ப் பையன் எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் புட்டியோடு நின்றுவிடுகிறான்.

போட்டிகளை நிறுத்த வேண்டியதில்லை. திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மைதானத்துக்கு என்று முதலிலேயே ஒதுக்குவதும், ஒவ்வோர் அணியிலும் பதினாறு வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர் இருவர் கட்டாயம் ஆட வேண்டும் என்று விதி வைப்பதும் போதும். விழாக் குழுவினர் முதல் ஆண்டு தயங்கினாலும், பரிசுத்தொகை சற்றுக் குறைந்ததற்காக எந்த அணியும் வராமல் இருந்துவிடாது.

கேள்வி: டென்னிஸ் பந்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் என்ன? லெதர் பந்துக்குச் செலவு அதிகமாயிற்றே?

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த டி.நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்னர் தம் ஊரிலேயே மைதானமும் அமைத்தார். ஆனால் அவரும் இடையில் லெதர் பந்துக்கு மாறி, லீக் ஆட்டங்களில் பழகித்தான் அங்கே போக முடிந்தது. டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. லெதர் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கும். எடை மாறும்போது பந்து எழும் உயரமும் மட்டையில் படும் வேகமும் கைப்பிடியும் எல்லாமே மாறுகின்றன. மாவட்டத் தேர்வு லெதர் பந்தில்தான் நடக்கும். அன்றைக்கு முதன்முறையாக அந்தப் பந்தைக் கையில் எடுக்கும் பையன் தோற்பது அவன் குற்றமாகாது. வாரத்தில் ஓர் அமர்வு, ஹெல்மெட்டும் பேடும் கையுறையும் அடிவயிற்றுக் காப்பும் (கார்டு) போட்டு, லெதர் பந்தில் நடத்தினால் போதுமானது. பாதுகாப்புக் கவசம் முழுமையாக இல்லாவிட்டால் அந்த அமர்வை நடத்தவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் புல் ஆடுகளம் அமைக்க வழியில்லை. என்ன செய்வது?

புல் ஆடுகளத்துக்குத் தேவையான தண்ணீரும் களிமண்ணும் அன்றாடப் பராமரிப்பும் இந்த வறண்ட செம்மண் பூமியில் எளிதன்று. கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளமே இங்கே பொருத்தமானது. மேட்டிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சரளையைப் பொறுக்கிவிட்டு, 66 அடி நீளத்துக்குச் சலித்த செம்மண்ணைப் பரப்பி, முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து, காலையில் ஈரம் பாதி உலர்ந்த நிலையில் உருளையை மெதுவாக ஓட்ட வேண்டும். ஈரம் மிகுந்தால் மண் உருளையில் ஒட்டிக்கொண்டு எழும். முற்றிலும் காய்ந்தால் உருளை ஓடியும் பயனில்லை. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும் என்பதுதான் பழகியவர்கள் பார்க்கும் பக்குவம்.

பாயை விரிக்கும்போது இரு முனைகளிலும் நான்கு பேர் நின்று இழுத்துப் பிடிக்க, ஒருவர் ஓரங்களில் இடைவெளி விடாமல் ஆணி அடித்துக்கொண்டே வர வேண்டும்; ஆணியின் தலை பாய்க்கு மேலே துருத்தக் கூடாது. தளர்ந்த பாயில் சுருக்கம் விழுந்து, நல்ல அளவில் விழுந்த பந்துகூட முகத்துக்கு எழும் என்பதால், இதில் காட்டும் கவனம் பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் காப்பதற்காகவே. ஆட்டம் முடிந்ததும் மண்ணை உதறிச் சுருட்டி, தரையில் படாமல் மரக்கட்டையின் மேல் வைக்க வேண்டும். மழையில் நனைந்த பாயை அப்படியே சுருட்டிவைத்தால் ஒரே பருவத்தில் இற்றுப்போகும். புதுப் பாய் வாங்கித் தரும் நன்கொடையாளரிடம் அதை வைக்க ஓர் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கார் கொட்டகையிலோ பின்கட்டிலோ ஒரு மூலை கிடைத்தாலே போதும்.

கேள்வி: கிளப்பைப் பதிவு செய்வது அவசியமா?

நன்கொடை வாங்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் எண்ணினால் அவசியம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, விதிமுறைகளை எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். அதன்பின் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் விவரத்தையும் தாக்கல் செய்வதுதான் பலர் தவறவிடும் இடம். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் இணைவது இதிலிருந்து தனியான வேலை. லீக் ஆட விரும்பினால் அதையும் செய்ய வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களிலும் செட்டிநாட்டு ஊர்கள் இருப்பதால், உங்கள் ஊர் எந்த மாவட்டச் சங்கத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைதானத்தைக் காப்பாற்ற ஊரார் என்ன செய்யலாம்?

முதல் வேலை, நிலத்தின் சர்வே எண்ணைக் கண்டறிந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அதன் வகைப்பாட்டைக் கேட்பது. புறம்போக்கா, கோயில் நிலமா, தனியார் பட்டாவா, நீர்நிலையா என்பது தெரியாமல் எந்த முயற்சியும் பலிக்காது. புறம்போக்காக இருந்தால் விளையாட்டுத் திடலாக ஒதுக்கக் கோரி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பையன்களின் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், திரளாகப் போனால் தீர்மானத்தின் எடையே வேறு. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானதில் அதனோடு சேர்ந்த சுற்றுப்புற ஊராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது என்பதால், அங்குள்ளவர்கள் மாமன்ற உறுப்பினர் வழியாகவே போக வேண்டும். நகர் விரிவடையும் வேகத்தைப் பார்க்கும்போது அங்கேதான் அவசரமும் அதிகம்.

தனியார் பட்டாவாக இருந்தால், உரிமையாளரைத் தேடிப் போய்ப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்த ஊர் இது. நான்கு ஏக்கரைப் பிள்ளைகளுக்கு எழுதித் தரவோ, நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ மனமுள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. யாரும் முறையாகப் போய்க் கேட்கவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பணம் அனுப்பினால் போதுமா? எப்படி அனுப்புவது?

ஒரே தடவையில் பெருந்தொகை தருவதைவிட, சிறு தொகையை ஆண்டுதோறும் தவறாமல் தருவது கிளப்புக்குப் பெரிய பலம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுக் கோயிலுக்குப் புள்ளி வரி வாங்கும் முறை, எங்கே வாழ்ந்தாலும் ஊரோடு ஒருவரைக் கட்டிவைத்திருக்கிறது. சமூக வேறுபாடு பாராமல், அந்தக் கிளப்பில் ஆடிய ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் கொண்டு ஆண்டுச் சந்தா வாங்கினால், மைதானம் பார்த்துக்கொள்பவருக்கு மாதந்தோறும் ஒரு கௌரவத் தொகை தர முடியும். எங்களைக் கேட்டால், வெளியூர்ப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். கோப்பையும் சட்டையும் பிறகு.

சட்டம் பற்றி ஒரு சொல். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகும். அதற்குரிய மத்திய அரசுப் பதிவு இல்லாத கிளப் அதை வாங்கக் கூடாது. நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் ஒரு குடியுரிமையும் தம்பி வேறு குடியுரிமையும் வைத்திருப்பதால், இதைக் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே பணத்தை வாங்க வேண்டும்.

கேள்வி: நிறுவனங்களிடமிருந்தும் அரசிடமிருந்தும் உதவி கிடைக்குமா?

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊரக விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தொகையைப் பெற்றுச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரிப் பதிவுகளும் மூன்றாண்டுச் செயல்பாடும் வேண்டும் என்பதால், சிறு கிளப்புகள் தனித்தனியாக அலைவதைவிட, பத்துக் கிளப்புகள் சேர்ந்து ஒரு பொது அமைப்பாக அணுகுவதே நடக்கக்கூடியது. அரசு 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். கேட்பவர் இருந்தால் அது அலமாரியிலிருந்து வெளியே வரும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். பணம் வைத்து ஆடும் செயலிகளின் பெயரைச் சட்டையில் அச்சிட்டு உதவி பெறாதீர்கள். அத்தகைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வராமல் இருந்திருந்தாலும், பிள்ளைகள் போடும் சட்டையில் சூதாட்டத்தின் பெயர் இருக்கக் கூடாது.

கேள்வி: பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கிளப் இருக்கிறதா?

மிகக் குறைவு, இது நலிவைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போகும் பெரிய குறை. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றதைப் பார்த்துவிட்டு, ஆட வேண்டும் என்று கேட்கும் பெண் பிள்ளைகள் இங்கேயும் உண்டு. அவர்களை நிறுத்திவைப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: மைதானத்துக்கு அருகில் கழிப்பறை இல்லை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வழியில்லை, கூட ஆடத் துணையில்லை. காலை ஆறரை மணிக்குப் பள்ளி மைதானத்தில், ஓர் ஆசிரியையோ ஒரு தாயோ உடனிருக்க, வாரம் இரு நாள் தொடங்கினால் இந்த மூன்று தடைகளும் நீங்கும். ஆடுவோர் எண்ணிக்கை குறைந்துவரும் கிளப்புகளுக்கும் இது புது உயிர் தரும்.

கேள்வி: எனக்கு ஆடத் தெரியாது, கொடுக்கப் பணமும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

ஸ்கோர் எழுதலாம். மாவட்டத் தேர்வுக்கு ஒரு பையனைப் பரிந்துரைக்கும்போது, இந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம், எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்று கேட்டால் பெரும்பாலான ஊர்க் கிளப்புகளிடம் பதில் இல்லை. ஏனென்றால் தாளில் கிறுக்கிய கணக்கு ஆட்டம் முடிந்ததும் எறியப்பட்டுவிடுகிறது. நீளவாக்கில் கட்டிய ஸ்கோர் புத்தகம் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பந்தையும் புள்ளியாகவோ எண்ணாகவோ குறித்து, பந்து வீசியவர் கணக்கும் மட்டை பிடித்தவர் கணக்கும் உதிரிகளோடு சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஓவருக்கு ஓவர் சரிபார்க்கப் பழகுவதற்கு நான்கைந்து ஆட்டங்கள் போதும். பள்ளிப் பிள்ளைகள் இதை விரைவில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், பக்கத்தில் ஒரு சிறுமியையோ சிறுவனையோ உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் கணக்கையும் ஒரு பக்கத்தில் தொகுத்து, கிளப் செயலாளரிடம் ஒரு படியும் அந்தந்தப் பையனின் வீட்டில் ஒரு படியும் கொடுத்துவிடுங்கள்.